இரண்டாவது சரணத்தில் ஒரு மூச்சு

இப்போது வருகிற பாட்டுகளில் இரண்டாவது சரணம் இல்லை. இதை யாரிடம் சொன்னாலும், உங்களுக்கு உலகத்தில் வேறு கவலையே இல்லையா என்பது போல் பார்க்கிறார்கள். வேறு கவலைகளும் இருக்கின்றன. இதுவும் ஒன்று.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். மலேசியாவில் ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடம். ராகம், தாளம் எதுவும் எனக்குத் தெரியாது. செனாயில் ஒரு தொழிற்சாலையில் மயிரிழை போன்ற கம்பிகளைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார்த்துப் பார்த்தே கண்ணைக் கெடுத்துக்கொண்டு, வேலை முடிந்து, இப்போது உலு திராமில் மகளோடு இருக்கிறேன். நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்கு வாய் வராது. கல்யாண வீட்டில் யாராவது மைக்கோடு வந்தால் கழிப்பறைக்குப் போய்விடுவேன். பாட்டுக் கேட்பதற்கு வாய் தேவையில்லை. அதனால்தானோ என்னவோ அது எனக்கு ஒத்துப்போயிற்று.

பாட்டின் தொடக்கத்தில் வந்து, பிறகு திரும்பத் திரும்ப வருவது பல்லவி. நடுவில் புதிதாக வருவது சரணம். எங்கள் காலத்தில் ஒரு பாட்டுக்கு இரண்டு சரணம் இருக்கும். முதல் சரணத்தில் ஆசை காட்டுவார்கள். இரண்டாவதில்தான் சொல்ல வந்ததைச் சொல்வார்கள். நான் கேட்ட வரையில் அப்படித்தான்.

மகள் சிங்கப்பூரில் வேலை செய்கிறாள். வாரம் முழுக்க விடிவதற்கு முன்பே, கடல் மேல் சிங்கப்பூருக்குப் போகும் காஸ்வே பாலத்தைத் தாண்டிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமைதான் அவள் காரில் நான் ஏறுவது. ஏறியதும் புதுப் பாட்டுப் போடுவாள். எனக்காகத்தான் போடுகிறாள், அது எனக்குத் தெரியும்.

"ம்மா, இது இப்பதான் ரிலீஸ் ஆச்சு. கேளுங்க."

கேட்பேன். பல்லவி நன்றாகவே இருக்கும். நடுவில் ஒருவர் கோபித்துக்கொண்டவர் மாதிரி வேகமாகப் பேசுவார். பிறகு ஒரு சரணம் வரும். சரி, இனிமேல்தான் விஷயம் என்று நான் சாய்ந்து உட்காருவேன். பாட்டு முடிந்துவிடும்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். நல்லாருக்குல்ல?"

"உள்ள வாங்கன்னு கூப்ட்டு மூஞ்சியில கதவச் சாத்துன மாரி இருக்கு."

"அலமாக்! உங்களுக்குப் பாட்டுப் போட்ட என்னைச் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு அடுத்ததைப் போடுவாள். அது அடுத்த சிக்னல் விளக்கு பச்சையாவதற்குள் முடிந்துவிடும்.

நம் ஊர்ப் பையன்கள் பாடுவதையும் கேட்கிறேன். தமிழ்நாட்டுப் பாட்டு மட்டும்தான் பாட்டு என்று நினைப்பவள் இல்லை நான். அவர்கள் பாட்டில் நம் பேச்சு இருக்கிறது. ஒரு பாட்டில் ஒரு பையன், அம்மா ரொட்டி சுட்டுப் பையில் வைத்து, இருட்டோடு இருட்டாகத் தன்னைச் சிங்கப்பூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டதைப் பாடினான். குரலை எதிலோ போட்டு எடுத்து, டின்னுக்குள் பேசுவது போல ஆக்கி வைத்திருந்தார்கள். அப்படியும் எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைப்பதற்குள் பாட்டு முடிந்துபோனது. பஸ் போன பிறகு அந்த அம்மா என்ன செய்தாள்? வீட்டுக்குப் போனாளா, அங்கேயே நின்றாளா? அதைச் சொல்ல இரண்டாவது சரணம் வேண்டும். அது இல்லை.

வானொலியில் பழைய பாட்டு போடுகிறார்களே என்றால், அதிலும் இந்தக் கதைதான். முதல் சரணம் முடிந்து வயலின் எழும்பும்போதே அறிவிப்பாளர் உள்ளே வந்துவிடுகிறார். காஸ்வேயில் நெரிசல், இரண்டாவது பாலத்தில் நெரிசல் என்கிறார். காஸ்வேயில் என்றைக்கு நெரிசல் இல்லை? பாட்டு முடிந்த பிறகு சொன்னால் நெரிசல் ஓடிவிடுமா? அடுப்படியில் நின்றுகொண்டு கரண்டியோடு வானொலியைப் பார்த்து முறைப்பேன். அதைப் பார்த்து முறைக்க எனக்குக் கூச்சம் இல்லை.

என் பாட்டு என்று ஒன்று உண்டு. அதன் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால், ஓ அதுவா என்று பல்லவியை முணுமுணுத்துவிட்டுப் போய்விடுவார்கள். ஆணும் பெண்ணும் பாடும் பாட்டு. பல்லவியும் முதல் சரணமும் ஆண் குரலில்தான். நிலாவைக் கொண்டு வருவேன், கடலைச் சுருட்டிக்கொண்டு வருவேன் என்று அவன் அளந்துகொண்டே போவான். பெண் குரல் இரண்டாவது சரணத்தில்தான் வரும். பூ வேண்டாம், பொன் வேண்டாம், பேச்சுக்கூட வேண்டாம் என்று ஒரே இழுப்பில் நீட்டிக்கொண்டே போய், நீ பக்கத்தில் இருந்தால் போதும் என்று முடிப்பாள். அந்தப் 'போதும்' வருவதற்கு முன்னால் குரல் அறுந்து நிற்கும். தையல் மெஷினில் நூல் அறுந்து, மறுபடி ஊசியில் ஏறியது போல. அதற்குப் பிறகு சொல் வரும்.

அந்த இடத்தில்தான் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் தகராறு.

"அவளுக்கு மூச்சு வாங்குதுடி" என்பார்.

"மூச்சு இல்ல. தயங்குறா. போதும்னு சொல்ல மனசு வரல அவளுக்கு."

"பாடுறது அவ தொழிலு. தயங்குறதுக்கா காசு குடுக்குறாங்க?"

"ஒங்களுக்குப் பாட்டுத் தெரியாது."

"எனக்கு மூச்சு தெரியும்லா" என்று மார்பைத் தட்டிக் காட்டுவார். கித்தா மரம், அதாவது ரப்பர் மரம், சீவிய மனிதர், மேடு ஏறி இறங்கியே பழகியவர்.

கேசட் சுற்றிச் சுற்றித் தேய்ந்தது. தகராறு மட்டும் தேயவில்லை. அவர் கடைசியாக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது பக்கத்துக் கட்டிலில் யாரோ போனில் இதே பாட்டை வைத்தார்கள். இவர் மூக்கில் குழாய். அந்த இடம் வந்ததும் என்னைப் பார்த்து, விரலால் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். இல்லை என்று நான் தலையாட்டினேன். அப்படியே முடிந்துபோனது. பதில் யாருக்கும் கிடைக்கவில்லை.

அது மூச்சா, தயக்கமா? அந்தப் பாடகி எதிரில் நின்று அந்தச் சரணத்தைப் பாடினால் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். ரிக்கார்டில் ஒரு தடவை பாடியதுதான் எப்போதும் இருக்கும். நேரில் பாடும்போதும் அதே இடத்தில் நின்றால், தெரிந்து நிற்கிறார் என்று அர்த்தம். என் கணக்கு அதுதான்.

அந்தப் பாடகியம்மா வெகுநாள் பாடாமல் இருந்துவிட்டு, சமீபத்தில் ஒரு புதுப் பாட்டு பாடினார். மகள் அதை போனில் அனுப்பிவைத்தாள். காதில் வைத்துக் கேட்டேன். குரல் அவருடையதுதான். ஆனால் கண்ணாடியில் எண்ணெய் ஊற்றியது போல வழுக்கிக்கொண்டு போனது. திரும்பத் திரும்பக் கேட்டும் என்ன குறை என்று பிடிபடவில்லை. பிறகுதான் தெரிந்தது. பாட்டு முழுக்க அவர் மூச்சே விடவில்லை.

"அதெல்லாம் எடிட்டிங்ல எடுத்துருவாங்கம்மா" என்றாள் மகள். "கிளீன் பண்ணிருவாங்க."

"மூச்சு என்ன அழுக்கா, கிளீன் பண்றதுக்கு?"

"என்கிட்ட ஏன் கோவிச்சுக்கிறீங்க? நானா எடுத்தேன்?"

இந்தச் சமயத்தில்தான் அந்த அம்மா ஜொகூர் பாருவுக்கு வருகிறார் என்று செய்தி வந்தது. பெரிய மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை பகல் நிகழ்ச்சி. சென்னையிலிருந்து ஒரு பிரபலப் பாடகர் வருகிறார், கூடவே சிறப்பு விருந்தினராக இவர். விளம்பரத்தில் பாடகரின் படம் சுவர் அளவு, இவர் படம் ஓரத்தில் தபால் தலை அளவு. மகள் எனக்குச் சொல்லாமலேயே மூன்று டிக்கெட் எடுத்துவிட்டாள். மூன்றாவது, பக்கத்து வீட்டுத் தங்கச்சிக்கு. அவள் வேதக்காரி, மாதா கோயில் பாடல் குழுவில் பாடுகிறவள். என்னைவிட ரொம்பச் சின்னவள், ஆனால் எனக்கும் சேர்த்துப் பேசிவிடுவாள். அவள் கூட இருந்தால் எனக்குக் கூச்சம் தெரியாது.

மண்டபத்தில் உட்கார்ந்ததும் நெஞ்சுக்குள் யாரோ வாஷிங் மெஷினை ஓட விட்டது போல் இருந்தது. அது பாட்டு அல்ல, சத்தம் சரியாக வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்களாம். கார்த்திகை மாதம். முன் வரிசைகளில் மாலை போட்டு, கறுப்பு உடுத்திய சாமிமார்கள் பலர் குடும்பத்தோடு வந்திருந்தார்கள்.

பாடகர் வந்தார். "ஜொகூர்! எப்படி இருக்கீங்க ஜொகூர்!" என்று கத்தினார். கூட்டமும் கத்தியது. நல்ல குரல் அவருக்கு, ரேடியோவில் கேட்டு எனக்கே பிடிக்கும். ஆனால் அவர் எங்கே பாடினார்? பல்லவியில் பாதியைப் பாடிவிட்டு மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினார். கூட்டம் பாடியது. எனக்கு இடது பக்கம் இருந்த பையன், பாவம், அவன் சுருதி எங்கேயோ தூரத்தில் செகாமட்டில் இருந்தது, பாட்டு ஜொகூர் பாருவில் இருந்தது. அவன் பாடுவதைக் கேட்கவா பாடகர் விமானம் ஏறி வந்தார்? சில பாட்டுகளில் பாடகர் மைக்கை இறக்கி, தண்ணீர் குடித்தார். அப்போதும் அவர் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

"தங்கச்சி, தண்ணி குடிக்கிறாரு, பாட்டும் வருதே."

"டிராக்குக்கா. மிஷின்ல ஓடுது. சும்மா இருங்க, எல்லாரும் ஜாலியா இருக்காங்க."

எல்லாரும் ஜாலியாகத்தான் இருந்தார்கள். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. முன்னால் நின்றவர்கள் போனைத் தூக்கிப் பிடித்ததில் மேடையே மறைந்துவிட்டது. பாடகரை அவர்களுடைய போன்களில்தான் நான் பார்த்தேன். அவர்களும் அதில்தான் பார்த்தார்கள்.

பிறகு விளக்கை மங்கலாக்கினார்கள். அந்த அம்மா வந்தார். நீலப் பட்டுச் சேலை, தோளில் சால்வை. ஒரு பெண் கையைப் பிடித்து அழைத்து வந்து மைக்கின் முன்னால் விட்டுவிட்டுப் போனாள். நான் எழுந்து நின்றுவிட்டேன். எழுந்தது எனக்கே தெரியவில்லை. பின்னால் யாரோ, "ஆண்ட்டி, உக்காருங்க லா" என்றார்கள். உட்காரவில்லை.

என் பாட்டுதான். புல்லாங்குழல் தொடங்கியதுமே கூட்டம் விசிலடித்தது. பாடகர் பல்லவியைப் பாடினார், மைக்கை நீட்டினார், கூட்டம் பாடியது. முதல் சரணம். நிலா வந்தது, கடல் வந்தது. அந்த அம்மா இத்தனை நேரமும் கையைக் கட்டிக்கொண்டு சிரித்த முகமாக நின்றார். அது அவர் இடம் இல்லை, அவருக்குத் தெரியும். வயலின் எழும்பியது. அவர் மைக்கைக் கையில் எடுத்தார். வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். மூச்சை இழுத்தார். அந்தச் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. எனக்குக் கேட்டது.

டமார் என்று டிரம்ஸ் விழுந்தது. வேறு பாட்டு. குத்துப் பாட்டு. பாடகர் துள்ளிக் குதித்தார். "மெட்லி, ஜொகூர், மெட்லி!" என்றார். நாலைந்து பாட்டைத் துண்டு போட்டு ஒன்றாகக் கோத்திருக்கிறார்கள். என் பாட்டிலிருந்து ஒரு துண்டு வெட்டி எடுத்திருந்தார்கள், தலைப் பக்கத்துத் துண்டு.

இழுத்த மூச்சை அந்த அம்மா என்ன செய்தார் என்று தெரியவில்லை. மைக்கை இறக்கினார். கை தட்டினார். யாரோ வந்து மாலை போட்டார்கள். அதோடு அவர் மேடையின் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னம்மா, அழுவுறீங்களா?" என்றாள் மகள்.

"ரெண்டாவது சரணம் பாடல."

"மெட்லிம்மா. அப்படித்தான்."

"அவங்க மைக்க எடுத்துட்டாங்க, பாத்தியா இல்லியா? மூச்சு கூட இழுத்துட்டாங்க."

 பக்கத்து வீட்டுத் தங்கச்சி என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஏதோ செய்யப் போகிறாள் என்று எனக்குப் புரிந்தது. தடுப்பதற்குள் செய்துவிட்டாள். அந்த நேரத்தில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் மேடையை விட்டு இறங்கி, எங்கள் வரிசைப் பக்கம் மைக்கோடு வந்துகொண்டிருந்தார். யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டே வந்தார். இவள் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள்.

"இங்க! இங்க! எங்க அக்காவுக்கு ஒண்ணு கேக்கணுமாம்!"

கழிப்பறைக்கு ஓட வழியில்லை. ஒரு பக்கம் தங்கச்சி, ஒரு பக்கம் சுருதியில்லாத பையன். அறிவிப்பாளர் மைக்கை என் வாய்க்கு நேரே நீட்டினார். அது ஐஸ் மாதிரி உதட்டில் பட்டது.

"சொல்லுங்கம்மா! கூச்சப்படாதீங்க! ஜொகூரே கேக்குது, என்ன வேணும் உங்களுக்கு?"

இரண்டாவது சரணம் வேண்டும் என்றுதான் சொல்ல வந்தேன். மனதுக்குள் முழு வாக்கியமும் தயாராக இருந்தது. அந்த அம்மா பாட வேண்டிய இரண்டாவது சரணம் என்று. வாயைத் திறந்தால் முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. நடுவில் இருந்த ஒரே ஒரு சொல்தான் வெளியே வந்தது.

"சரணம்..."

ஸ்பீக்கரில் அது மண்டபம் முழுக்க ஒலித்தது. பிறகு முன் வரிசையில் கறுப்பு உடுத்தியிருந்த ஒரு சாமி கையைத் தலைக்கு மேல் தூக்கினார்.

"சாமியே!"

"சரணம் ஐயப்பா!" என்றது மொத்த மண்டபமும்.

"அடடடா!" என்றார் அறிவிப்பாளர், கண் கலங்கியவர் போல. "மாலை போட்டவங்க நிறையப் பேரு வந்திருக்காங்கன்னு நமக்கெல்லாம் மறந்து போச்சு. இந்த அம்மாதான் ஞாபகப்படுத்துனாங்க. பெரியவங்க பெரியவங்கதான்! அம்மாவுக்கு ஒரு கைத்தட்டல்!"

கை தட்டினார்கள். "இல்லிங்க... இல்லிங்க" என்றேன். மைக் போய்விட்டது. மேடையில் இசைக்குழு ஐயப்பன் பாட்டைத் தொடங்கிவிட்டது. பாடகர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பாடினார். அவ்வளவு பயபக்தியோடு, மைக்கை யாரிடமும் நீட்டாமல், சுத்தமாக, முழுசாகப் பாடினார். அதில் எத்தனை சரணம் இருக்கிறதோ அத்தனையும் பாடினார். ஒன்றைக்கூட விடவில்லை. சாமி பாட்டில் கை வைக்க யாருக்கும் துணிச்சல் கிடையாது. அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடி கண்ணை மூடிக் கை கூப்பியிருந்தார். அவரிடம் மைக் இல்லை.

எனக்கு ஐயப்பன் மேல் ஒரு குறையும் கிடையாது. ஆனால் அன்றைக்கு அவரிடம் நான் எதுவும் கேட்கவில்லை.

வெளியே வந்தபோது நல்ல மழை. கார் நிறுத்தும் இடத்தில் ஒரே வழிதான், எல்லாக் காரும் அந்த ஒரு வழிக்கு மூக்கை நீட்டிக்கொண்டு நின்றன. மகள் இன்ஜினை ஓட விட்டுக் காத்திருந்தாள். பின்னால் உட்கார்ந்திருந்த தங்கச்சிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"வேதக்காரி நான், என்னையே சாமி சரணம் சொல்ல வச்சிட்டீங்களேக்கா! ஃபாதருக்குத் தெரிஞ்சா என் கதி என்ன?"

"உன்ன யாரு கையத் தூக்கச் சொன்னது?"

"உங்களுக்காகத்தான் தூக்குனேன். நீங்க ஒரு வார்த்த சேத்துச் சொல்லியிருந்தா..."

மகள் பக்கத்தில் இருந்த என் பக்கம் திரும்பினாள். "ப்ரோக்ராம் எப்படிம்மா?"

எப்போதும் 'நல்லா இருந்துச்சு' என்றுதான் சொல்வேன். எதைக் கொடுத்தாலும், எங்கே கூட்டிப் போனாலும் அப்படித்தான். அன்றைக்கு அது வரவில்லை.

"நல்லா இல்ல."

"நல்லா இல்லயா?"

"கொஞ்சங்கூட நல்லா இல்ல."

 பிறகு மகள், "அப்பாவும் நீங்களும் சண்ட போடுவீங்கன்னு தெரியும். ஆனா அந்த ரெண்டாவது சரணம் எனக்கு ஞாபகமே இல்ல. அப்படி என்னதான் இருக்கு அதுல? பாடிக் காட்டுங்க" என்றாள்.

நான் வாய் விட்டுப் பாடியதே இல்லை. இவள் குழந்தையாக இருந்தபோது தூங்க வைத்ததுகூட வாயை மூடிக்கொண்டு முனகித்தான். ஆனால் எரிச்சல் இன்னும் போகவில்லை. கண்ணாடிகளை ஏற்றியிருந்தோம். வெளியே கொட்டுகிற மழையில் யாருக்குக் கேட்கப் போகிறது? பாடினேன். குரல் கீச்சென்று வந்தது. பூ வேண்டாம் என்றேன், பொன் வேண்டாம் என்றேன், பேச்சு வேண்டாம் என்றேன். அந்த வரி போய்க்கொண்டே இருந்தது. இவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியவே தெரியாது. 'பக்கத்தில் இருந்தால்' வரைக்கும் வந்தேன். அதற்கு மேல் நெஞ்சில் ஒன்றும் மிச்சமில்லை. மூச்சு இழுத்தேன். அப்புறம்தான் 'போதும்' வந்தது.

அதே இடம்.

மனதுக்குள் பாடினால் மூச்சு வாங்க வேண்டியதில்லை. இத்தனை வருஷமும் மனதுக்குள் மட்டுமே பாடியிருக்கிறேன். அந்த வரியை யார் பாடினாலும் அங்கே மூச்சு முட்டும் என்பது, ஒரு தடவை சமையல்கட்டில் வாயைத் திறந்திருந்தால் தெரிந்திருக்கும். அந்த மனிதர் சொன்னதுதான் சரியா? எனக்கு ஆத்திரமாக வந்தது.

"அப்பா சொன்னது கரெக்டும்மா. மூச்சுதான்" என்றாள் மகள். அவளுக்கு ஒரே சந்தோஷம்.

"இருங்க, இருங்க" என்று பின் சீட்டிலிருந்து தங்கச்சி முன்னால் எக்கினாள். "அங்கதான் வாங்கணும்னு என்ன இருக்கு? எங்க பாடல் குழுவுல மொதல்ல இதத்தான் பாப்போம், எந்த எடத்துல மூச்சு வாங்குறதுன்னு. கண்ட எடத்துல வாங்குனா மாஸ்டர் கத்துவாரு. இந்த வரியில பேச்சு வேண்டாம்னு சொன்ன ஒடனே சின்னதா ஒரு எடம் இருக்கு பாருங்க."

அவள் பாடினாள். பயிற்சி உள்ள குரல். 'பேச்சு வேண்டாம்' என்றதும் யாருக்கும் தெரியாமல் ஒரு மூச்சைத் திருடிக்கொண்டு, மிச்சத்தைத் தடையில்லாமல் பாடி முடித்தாள். 'போதும்' வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. மளிகைக் கடையில் பருப்பு அள்ளுகிறவரிடம் போதும் என்பது மாதிரி.

"பாத்தீங்களா? வாங்கலாம்" என்றாள்.

"இப்ப நான் பாடுன மாரி பாடு."

பாடினாள். 'இருந்தால்' என்று சொல்லிவிட்டு நின்று, மூச்சை இழுத்து, 'போதும்' என்றாள். மகள் ஸ்டியரிங்கில் இருந்த கையை எடுத்துவிட்டாள். 

முன்னாலேயே வாங்க இடம் இருக்கிறது. தெரிந்தவர்களுக்கு அது தெரியும். அந்த அம்மாவுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? அவர் அங்கே வாங்காமல், இழுத்துக்கொண்டே வந்து, சரியாக அந்தச் சொல்லுக்கு முன்னால் வாங்கியிருக்கிறார். வேண்டுமென்றே அப்படிச் செய்தாரா, இல்லை, அன்றைக்கு முன்னால் வாங்க மறந்துவிட்டாரா?

"அப்ப சரி" என்றாள் மகள். "அப்பா சொன்னதும் கரெக்ட், நீங்க சொன்னதும் கரெக்ட். முடிஞ்சிச்சா?"

"முடியல."

"ஏன் முடியல?"

"ரெண்டு பேரும் கரெக்டுன்னா எதுக்குச் சண்ட போட்டோம் இத்தன வருஷம்? ஒண்ணுதான் கரெக்ட். அவங்க பாடியிருந்தா தெரிஞ்சிருக்கும். மைக்கக் கையிலகூட எடுத்துட்டாங்க..."

"ம்மா, மறுபடியும் ஆரம்பிக்காதீங்க."

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதையும் ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டு, சட்டென்று மூடிவிட வேண்டும். பாட்டையும் அப்படித்தான் செய்கிறார்கள்.

மகள் போனை எடுத்துத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். "அடுத்த மாசம் இவங்க கோலாலம்பூர்ல பாடுறாங்களாம்மா. இதே ப்ரோக்ராம்தான். போலாமா?"

"ரெண்டாவது சரணம் உண்டான்னு கேளு மொதல்ல."

"அத யார்கிட்ட போய்க் கேக்குறது? டிக்கெட் விக்கிறவங்ககிட்டயா?"

"டிக்கெட் விக்கிறவங்ககிட்டதான். நம்பர் இருக்கும்ல? போனப் போட்டுக் குடு. நானே கேக்குறேன்."

மகள் திரும்பிப் பார்த்தாள். பின்னாலிருந்து தங்கச்சியும் எக்கினாள். இருவரும் என்னையே பார்த்தார்கள். முன்னால் இருந்த கார் நகர்ந்து போய், இடம் காலியாகக் கிடந்தது. பின்னால் இருந்தவர் ஹாரனை அமுக்கினார்.

"என்ன பாக்குற? வண்டிய எடு" என்றேன்.